பூமிக்குத் தோலா, பாதத்துக்குத் தோலா?

எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவில் வாழ்ந்த பௌத்தத் துறவி சாந்திதேவர், போதிசத்துவ நெறியில் நடக்க விரும்புவோருக்காக எழுதிய ‘போதிசர்யாவதாரம்’ என்னும் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறார். முள் நிறைந்த பூமி முழுவதையும் மூட வேண்டுமானால் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது என்பது கேள்வி. தன் செருப்புக்குப் போதுமான தோல் கிடைத்துவிட்டால் நடப்பவனைப் பொறுத்தவரை பூமியே மூடப்பட்டதாகிவிடும் என்பது அவர் காட்டும் விடை. புறத்தே இருப்பவை எண்ணற்றவை, அவற்றை அடக்கி முடிக்க எவராலும் ஆகாது, அடக்கத்தக்கது மனம் ஒன்றே என்பது அந்த உவமையால் அவர் நிறுவ வரும் கருத்து. ஹிதோபதேசமும் இதே உவமையை மனநிறைவைப் பற்றிப் பேசுமிடத்தில் ஆள்கிறது. தூசு காலில் ஒட்டக்கூடாது என்று அடம்பிடித்த அரசனுக்காக நாடு முழுவதையும் பெருக்கி, புழுதியைக் கிளப்பி, பிறகு நீர் ஊற்றிச் சேறாக்கி, கடைசியில் ஒரு கிழச் செம்மானிடம் செருப்பைக் கற்றுக்கொண்ட அமைச்சர்களின் கதையாகத் தாகூர் இதை நகைச்சுவைக் கவிதையாக்கினார். இவ்வளவு காலம் நிலைத்த உவமையை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை. ஆயினும் செருப்பு அணிந்தவனுக்கு முள் ஒரு பொருட்டே அல்ல என்பது உண்மையாக இருந்தால்தான், மனத்தைக் காத்தவனுக்கு உலகம் ஒரு பொருட்டே அல்ல என்ற முடிவும் நிற்கும். செருப்பைவிடக் கடுமையாக இந்த உவமையைச் சோதித்துப் பார்க்க உதவும் பொருள் ஒன்று இன்று உண்டு; அது சிறுசக்கர மடக்கு மிதிவண்டியின் டயர்.

மடக்கு மிதிவண்டி என்பது, சட்டத்திலும் கைப்பிடித் தண்டிலும் கீல்கள் பொருத்தப்பட்டு, ரயில் பெட்டியில் இருக்கைகளுக்கு இடையிலோ அலுவலக மேசையின் அடியிலோ அடங்கும்படி சுருக்கிவிடத்தக்க வண்டி. மடித்த பின் அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைப் பெரும்பாலும் சக்கரமே தீர்மானிப்பதால், இவ்வகை வண்டிகளின் சக்கரம் சிறியதாகவே இருக்கும். சிறிய சக்கரம் குழந்தைகளின் வண்டிக்கே உரியது என்ற எண்ணத்தை மாற்றியது 1962ல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மௌல்டன் வெளியிட்ட வண்டி. அது மடங்கும் வண்டி அன்று என்றாலும், மிகுந்த அழுத்தத்தில் காற்றடைத்த குறுகிய டயரோடு அதிர்வைத் தாங்கும் அமைப்பும் சேர்ந்தால் சிறுசக்கரமும் பெரியதற்கு ஈடாக ஓடும் என்று அது காட்டியது. 1970களின் நடுவில் ஆண்ட்ரூ ரிச்சி லண்டனில் தம் குடியிருப்பிலேயே வடிவமைக்கத் தொடங்கிய பிராம்ப்டன், அந்தக் குடியிருப்புக்கு எதிரே நின்ற பிராம்ப்டன் ஆரட்டரி என்னும் கத்தோலிக்கத் தேவாலயத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. தேவாலயத்தின் பெயரைச் சுமந்து ஊர் சுற்றும் வண்டி, சமயக் கேள்வி ஒன்றுக்கு எடுத்துக்காட்டாக வருவதில் பொருத்தக்கேடு ஏதும் இல்லை. 1982ல் அமெரிக்காவில் டேவிட் ஹான் என்னும் இயற்பியலாளர் நிறுவிய டாஹன், சற்றே பெரிய சக்கரங்களோடு வேறொரு மரபை வளர்த்தது.

இவ்வண்டிகளின் டயரை அளக்கும்போது அங்குலக் கணக்கு ஏமாற்றும். டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் ஐரோப்பிய முறைப்படி பார்த்தால், 16 அங்குலம் என்ற ஒரே பெயருக்குள் 305, 349 என்ற அளவுகளும், 20 அங்குலம் என்ற பெயருக்குள் 406, 451 என்ற அளவுகளும் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கென வாங்கிய டயர் மற்றொன்றில் அமராது. வழக்கமான பிராம்ப்டனுக்கு உரியது 349. அதில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரைப் பூட்டினால் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.32 மீட்டர் ஆகும். வழக்கமான பெரிய மிதிவண்டியின் 622 அளவு ரிம்மில் அதே அகலமுள்ள டயரின் சுற்றளவு 2.17 மீட்டர். ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பெரிய சக்கரம் சுமார் 460 முறை சுழல, சிறியது சுமார் 760 முறை சுழல வேண்டும்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன், சிறுசக்கரம் அதிக முட்களைச் சந்திக்கிறது, ஆகவே அடிக்கடி பஞ்சராகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுவதுண்டு. அது பிழையான முடிவு. இரண்டு சக்கரங்களும் அதே சாலையில் அதே அகலமுள்ள பட்டையைத்தான் மிதித்துச் செல்கின்றன. கிடக்கும் முட்களின் எண்ணிக்கை சக்கரத்தின் விட்டத்தைக் கேட்டு மாறுவதில்லை. மாறுவது வேறொன்று. டயரின் மேல்ரப்பரில் ஏற்கெனவே குத்தி நிற்கும் ஒரு கண்ணாடிச் சில்லைத் தரை பெரிய சக்கரத்தில் கிலோமீட்டருக்கு 460 முறை உள்ளே அழுத்துகிறது என்றால், சிறுசக்கரத்தில் 760 முறை அழுத்துகிறது. மேல்ரப்பரும் அதே விகிதத்தில் விரைவாகத் தேய்ந்து மெலிகிறது. உலகம் இருவருக்கும் ஒரே அளவு முட்களைத்தான் தருகிறது, தைத்த பின் அந்த முள்ளோடு எத்தனை முறை உருள வேண்டியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பாலி நிகாயங்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில், பயிற்சியற்றவன் ஒரு வேதனைக்கு இரண்டு அம்புகளைப் பெறுகிறான், முதலாவது உடலில் தைப்பது, இரண்டாவது அதைப் பற்றிய மனத்தின் தவிப்பு என்று புத்தர் விளக்கும் இடத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த 760 புதிய செய்தியாக இராது.

பஞ்சர் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் காற்று இறங்கும் வழிகள் பல. முள், கண்ணாடிச் சில்லு, தேய்ந்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித் துணுக்கு ஆகியவை வெளியிலிருந்து துளைப்பது ஒரு வழி. காற்றுக் குறைவான டயர் குழியின் விளிம்பில் மோதும்போது டியூப் தரைக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி இரண்டு துளைகளைப் பெறுவது மற்றொரு வழி. பக்கத்துப் பக்கத்தில் அமையும் அந்த இரட்டைத் துளையைப் பாம்புக்கடி என்பர். சிறுசக்கரம் குழிக்குள் பெரியதைவிட ஆழமாக இறங்குவதால் இந்த இரண்டாம் வகைக்கு அது அதிகம் இடம் கொடுக்கிறது. ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி, துளையின் கூரான விளிம்பு டியூபை அறுப்பதும், வால்வின் அடிப்பகுதி கிழிவதும் உள்ளிருந்தே வருபவை. எது நேர்ந்தது என்பதைத் துளையே சொல்லிவிடும். டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பார்த்தோ, உதட்டருகே பிடித்துக் காற்றின் குளிர்ச்சியை உணர்ந்தோ துளையைக் கண்டுபிடித்த பின், வால்விலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தை டயரிலும் அளந்து பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் அங்கேயே அகப்படும். துளை தரையை நோக்கிய பக்கம் இருந்தால் சாலையும், ரிம்மை நோக்கிய பக்கம் இருந்தால் சக்கரமும், இரட்டையாக இருந்தால் ஓட்டியவரின் அசட்டையும் பொறுப்பு.

சாந்திதேவரின் தோல் முதல் வகைக்கு மட்டுமே விடை. மிகக் கனத்த கவச டயரைப் பூட்டிய பின் மாதக்கணக்கில் பம்பைத் தொடாதவர் பாம்புக்கடிக்குத் தாமே வழி செய்கிறார். எந்த டியூபும் காற்றைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் இயல்புடையது; சிறுசக்கர டியூபில் கொள்ளளவு குறைவு, அழுத்தமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டை எட்டும் அளவுக்கு அதிகம், ஆகையால் இழப்பு விரைவில் தெரியும். வெளியிலிருந்து எதுவும் தாக்காமலே, வெறுமனே காலம் கடப்பதால் காவல் தளர்கிறது என்ற இந்த உண்மை உவமையின் முதல் வாசிப்பில் இடம்பெறுவதில்லை. செருப்பை ஒருமுறை தைத்து அணிந்துகொண்டால் போதும்; டயரைப் பொறுத்தவரை அணிதல் என்பது வாரந்தோறும் திரும்பச் செய்ய வேண்டிய வேலை.

இன்னும் ஆழமான சிக்கல் டயரின் பிறப்பிலேயே இருக்கிறது. காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1887ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், கெட்டி ரப்பர் சக்கரம் தந்த குலுக்கலிலிருந்து தம் மகனின் மூன்றுசக்கர வண்டியைக் காப்பதற்காக அதே கருத்தைத் தற்செயலாக மீண்டும் கண்டடைந்து, 1888ல் காப்புரிமையும் பெற்றார். தாம்சனின் முந்தைய உரிமை தெரியவந்ததும் அது செல்லாமல் போயிற்று. இங்கே கவனிக்கத்தக்கது கெட்டி ரப்பருக்குப் பஞ்சர் என்பதே கிடையாது என்பது. முள் தைக்க முடியாத ஒரு சக்கரத்தை விட்டுவிட்டு, முள் தைக்கக்கூடிய ஒன்றை மனிதர்கள் தெரிந்தே தேர்ந்தார்கள், அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. காற்று டயர் தன் மேல் வரும் சிறு கல்லை உள்வாங்கிக்கொண்டு வளைகிறது. கெட்டிச் சக்கரம் வளையாததால் சக்கரமும் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வளைந்துகொடுக்கும் அந்த மெல்லிய உறைதான் துளைக்கவும் படுகிறது. இரண்டும் ஒரே பண்பின் இரு முகங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை முழுவதுமாக நீக்க வழியில்லை.

பிரான்ஸின் டயர் உற்பத்தியாளர்களான மிஷ்லான் சகோதரர்கள் இதை விளம்பரமாகவே மாற்றினர். 1898ல் ஓகாலோப் என்னும் ஓவியர் அவர்களுக்காக வரைந்த புகழ்பெற்ற சுவரொட்டியில், டயர்களால் ஆன உடலைக் கொண்ட, நிறுவனத்தின் சின்னமான பிபெண்டம், ஆணிகளும் உடைந்த கண்ணாடியும் நிரம்பிய கோப்பையை உயர்த்திக் குடிக்கப் போகிறார். இருபுறமும் போட்டி நிறுவனங்களின் டயர்கள் காற்றிறங்கிச் சோர்ந்து கிடக்கின்றன. ஆனால் அந்நிறுவனத்தின் உண்மையான புதுமை முள்ளைத் தடுத்ததில் இல்லை. ரிம்மோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்த டயரைச் சீராக்கப் பல மணி நேரம் ஆன காலத்தில், கழற்றி மாட்டத்தக்க டயரை 1891ல் அவர்கள் உருவாக்கினர். அவ்வாண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நீள்போட்டியில் அந்த டயரோடுதான் ஷார்ல் தெரோன் வென்றார். அடுத்த ஆண்டு தாங்கள் நடத்திய போட்டியில் வழியில் ஆணிகளைத் தாங்களே தூவிவைத்து, பஞ்சரானாலும் விரைவில் ஒட்டிவிடலாம் என்று காட்டினார்கள். தடுப்பதைவிடத் திருத்துவது எளிதாக இருந்தால் தடுப்பின் மேல் உள்ள கவலையே பாதி குறைந்துவிடும் என்ற அறிவு அந்தக் கொஞ்சம் திமிரான செயலில் இருக்கிறது.

இன்று சிறுசக்கர வண்டிக்கு டயர் வாங்குபவர் முன்னுள்ள தேர்வு இந்தப் பழைய முரணின் தொடர்ச்சியே. ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் வரிசையையே எடுத்துக்கொண்டால், மாரத்தான் பிளஸ் என்னும் டயரில் மேல்ரப்பருக்கு அடியில் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மீள்தன்மை மிக்க ரப்பர் அடுக்கு இருக்கிறது. குத்தூசியை முழுக்க அழுத்தினாலும் அதன் நுனி டியூபைத் தொடாது என்பதே அந்நிறுவனம் அதற்குச் செய்யும் விளம்பரம். சாதாரண மாரத்தானில் அந்த அடுக்கு சுமார் 3 மில்லிமீட்டர். மாரத்தான் ரேசரில் ரப்பர் அடுக்குக்குப் பதிலாக நைலான் துணி அடுக்கு. கோஜாக் என்பது கோடுகளற்ற வழுவழுப்பான மேற்பரப்பும் மெல்லிய உடலும் கொண்ட வேக டயர். கண்ணாடி அறுக்க முயலும்போது துணி அடுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் ஊசி போன்ற முள் இழைகளுக்கு நடுவே இடம் கண்டு புகுந்துவிடும். தடித்த ரப்பர் அடுக்கோ அறுபட்டாலும், தன் தடிமனாலேயே முள்ளின் நீளத்தை விழுங்கிக்கொள்ளும். ஆகவே எந்த ஊரில் ஓட்டுகிறோம், அங்கே கிடப்பது கண்ணாடியா முள்ளா என்று கேட்காமல் சிறந்த டயர் எது என்று கேட்பதில் பொருளில்லை.

தடிமனுக்கு விலை உண்டு. உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. நசுங்கும்போது ரப்பர் வாங்கிய ஆற்றல் முழுவதையும் மீளும்போது திருப்பித் தராமல் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. இந்த இழப்பே உருள்தடை என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி. ரப்பர் தடிக்கத் தடிக்க இழப்பு கூடும், சக்கரம் சிறுக்கச் சிறுக்க டயர் மேலும் கூர்மையாக வளைய வேண்டியிருப்பதால் இன்னும் கூடும். மாரத்தான் பிளஸில் செல்பவர் பஞ்சர் இல்லாத ஒவ்வொரு நாளும் அந்தப் பாதுகாப்புக்கான தவணையைத் தம் கால்களால் கட்டிக்கொண்டே இருக்கிறார். சாந்திதேவரின் உவமை மறைத்துவைத்திருப்பது இந்தத் தவணையைத்தான். அதில் தோலுக்கு எடை இல்லை, தோல் அணிந்த பாதம் தரையை உணரும் திறனில் எதையும் இழப்பதில்லை. மனக்காவல் என்பதைத் தடித்த தோலாக எடுத்துக்கொண்டால், அந்தக் காவலுக்குப் பின்னால் இருப்பவர் முள்ளை உணராததோடு புல்லையும் உணராமல் போவார் என்ற எதிர்வாதம் எழத்தான் செய்யும்.

இந்த எதிர்வாதம் பழையது. உணர்ச்சிகளின் பிடியிலிருந்து விடுபடுதலை இலட்சியமாகக் கொண்ட ஸ்டோயிக் தத்துவிகளின் மேல் இதே குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. சிலையைப் போல உணர்வற்று இருப்பது தாம் சொல்வதன் பொருள் அல்ல என்று அவர்களில் ஒருவரான எபிக்டெட்டஸ் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. சாந்திதேவரின் நூலுக்கு உள்ளேயே இதற்கு விடை இருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில் பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகவே கொள்ளும் பயிற்சியை விரிவாகச் சொல்பவர், ஐந்தாம் அதிகாரத்தில் எதையும் உணராத தடித்த தோலைப் பரிந்துரைத்திருக்க முடியாது. அந்த அதிகாரத்தின் பொருளே ஸ்மிருதியும் சம்பிரஜன்யமும் ஆகும். ஸ்மிருதி என்பது செய்ய வேண்டியதை மறவாமல் மனத்தில் தாங்கியிருப்பது. சம்பிரஜன்யம் என்பது உடலும் மனமும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்ப்பது. எனவே உவமையின் தோலைத் தடிமனாக வாசிப்பதைவிடக் கவனமாக வாசிப்பதே நூலின் போக்குக்கு இசைவானது.

டயரும் இந்த வாசிப்பின் பக்கமே சாட்சி சொல்கிறது. கண்ணாடிச் சில்லால் ஏற்படும் பஞ்சர்களில் பல, சில்லின் மேல் ஏறிய அந்தக் கணத்தில் நிகழ்வதில்லை. சில்லு முதலில் மேல்ரப்பரில் ஒரு சிறு வெட்டை உண்டாக்கி அதில் தங்குகிறது. பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் மயிரிழையளவு உள்ளே நகர்ந்து, நாட்கள் கழித்து, ஓட்டுபவர் அந்த இடத்தையே மறந்துபோன பின் டியூபை எட்டுகிறது. ஈரம் ரப்பரில் கண்ணாடி வழுக்கி இறங்க உதவுவதால் மழைக்காலத்தில் இது விரைவுபடும். ஆகவே வாரம் ஒருமுறை சக்கரத்தை மெல்லச் சுழற்றி, மேல்ரப்பரின் வெட்டுகளை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, தங்கியிருக்கும் சில்லை ஊசி முனையால் நெம்பி எடுத்து, அழுத்தத்தையும் சரிபார்த்துவிடுபவர், மெல்லிய டயரோடும் நீண்ட காலம் தொல்லையின்றி ஓட்ட முடியும். மாரத்தான் பிளஸ் கவனத்துக்கு மாற்றாக விற்கப்படும் பொருள். குனிந்து பார்க்க நேரமில்லாதவர் அதற்குரிய எடையைச் சுமக்கிறார். இதில் இகழ்ச்சிக்கு இடமில்லை. இரவுப்பணி முடிந்து கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் செவிலியருக்கு அந்த எடையே தகுந்த தேர்வு.

எல்லாம் செய்த பின்னும் பஞ்சராகும். அப்படியானால் தேர்ந்தெடுத்ததில் என்ன பயன் என்ற கேள்வி ஊழைப் பற்றிய பழைய வாதம் ஒன்றின் சிறு வடிவம். நோய் தீரும் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும், தீராது என்பது விதியானாலும் அப்படியே, ஆகவே அழைப்பது வீண் என்ற சோம்பேறி வாதத்தை ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ தம் ‘விதியைப் பற்றி’ என்ற நூலில் பதிவுசெய்து, ஸ்டோயிக் தத்துவியான கிரிசிப்பஸ் அதற்குச் சொன்ன மறுப்பையும் தருகிறார்: சில நிகழ்வுகள் தனித்து விதிக்கப்படுவதில்லை, அவற்றுக்குரிய முயற்சியோடு சேர்த்தே விதிக்கப்படுகின்றன, எனவே மருத்துவரை அழைப்பதும் விதியின் பகுதியே. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கி, இரண்டிலும் முழு வலிமையோடு பேசும் திருக்குறளைப் படித்தவர்களுக்கு இந்த மறுப்பு அந்நியமாகத் தோன்றாது. சிசரோ வேறொரு நூலில் எடுத்துக்காட்டும் வில்லாளியின் உவமை இன்னும் நெருக்கமானது. நேராகக் குறிவைக்க இயன்ற அனைத்தையும் செய்வது வில்லாளியின் நோக்கம். அம்பு இலக்கில் தைப்பது விரும்பத்தக்கதே என்றாலும், அவனது திறமையின் நிறைவு அதில் அடங்கியிருக்கவில்லை. டயரைத் தேர்வது இந்த வகைச் செயல். நல்ல தேர்வு பஞ்சரானதால் கெட்ட தேர்வாகிவிடாது. தேய்ந்த டயரில் காற்றும் குறைவாக வைத்துக்கொண்டு ஒரு மாதம் தப்பித்தவர் அறிவாளியும் ஆகிவிடமாட்டார்.

சாந்திதேவரின் நூலில் காவலைப் பற்றிய ஐந்தாம் அதிகாரத்துக்கு அடுத்து வருவது பொறுமையைப் பற்றிய ஆறாம் அதிகாரம். இந்த வரிசை தற்செயல் ஆகாது. காவல் தவறும் என்று தெரிந்தவரே அடுத்து அப்படி எழுத முடியும். திருத்த வழியிருந்தால் வருந்துவதற்கு ஏதுமில்லை, வழியில்லையென்றாலும் வருந்துவதால் ஆவது ஒன்றுமில்லை என்ற பொருளில் அங்கே அவர் சொல்வது, சாலையோரம் சக்கரத்தோடு குந்தியிருப்பவருக்கு நேராகப் பொருந்தும். பஞ்சர் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் நேர்கிறது. எடை அங்கே அதிகம், படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி நிமிர்த்திவிட்டுப் போக, பின்சக்கரம் அதன் மேல் ஏறுகிறது. பிராம்ப்டனின் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் கியர்ச் சங்கிலியை விடுவித்து, செயின் இறுக்கியை அகற்றி, 15 மில்லிமீட்டர் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். அதன் பிறகு டயரைக் கழற்றுவது. டயரின் இரு ஓரங்களிலும் உள்ள விறைப்பான விளிம்பு ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்துக்குள் தள்ளப்பட்டால்தான் எதிர்ப்புறத்தில் சற்றே தளர்வு கிடைக்கும். சிறிய ரிம்மில் அந்தத் தளர்வு மிகக் குறைவு. கவச டயரின் தடித்த பக்கச்சுவர் பள்ளத்துக்குள் இறங்கவே மறுக்கும். துளைக்க மிகக் கடினமான டயரே துளைபட்ட பின் திறக்கவும் மிகக் கடினமானதாக இருப்பதைப் பற்றி ஒரு சமய நூல் எழுதலாம்.

ஒட்டும் வேலையிலும் அவசரத்துக்கு இடமில்லை. துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பளபளப்பு மங்கும் வரை காத்திருந்து, பிறகே பட்டியை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டியது சில கிலோமீட்டரில் உரிந்துவரும். அதைவிட முக்கியமானது அடுத்த படி. டியூபைத் திரும்ப வைப்பதற்கு முன் டயரின் உட்புறத்தை முழுச் சுற்றும் துணியால் துடைத்து வர வேண்டும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டியவர் இரண்டாம் அம்பைத் தாமே எய்துகொள்கிறார்.

இதுவரை பேசப்பட்டது முழுவதும் பாதத்தின் பக்கம் நின்று பேசப்பட்டது. பாதையைப் பற்றிப் பேசாமல் விட்டால் உவமைக்கு எதிரான மிகக் கடுமையான வாதம் மறைக்கப்பட்டதாகும். தன் பாதத்துக்குத் தோல் கிடைத்தவர் நிம்மதியாகப் போய்விடுகிறார்; முள் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, பின்னால் வெறுங்காலோடு வருபவருக்காக. மிதிவண்டிப் பாதையில் உடைந்த பாட்டில் ஒருவரின் செயலின் விளைவு, இயற்கையின் நியதி அல்ல. ஆனால் எல்லா முள்ளும் அப்படியும் அல்ல. இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் இலையுதிர்காலத்தில் பஞ்சர் பெருகுவதற்குக் காரணம் வயலோர வேலிகள் அப்போதுதான் இயந்திரத்தால் வெட்டப்பட்டு, ஹாதார்ன் செடியின் முட்கள் சாலையெங்கும் சிதறுவது. பறவைகள் கூடுகட்டும் பருவத்தைக் காப்பதற்காக மார்ச் முதல் ஆகஸ்ட் இறுதி வரை வேலியை வெட்டக்கூடாது என்ற விதி அங்கே இருப்பதால் வேலை முழுவதும் அதன் பிறகே வந்து குவிகிறது. குருவிக் குஞ்சின் பொருட்டுக் காட்டப்பட்ட கருணை மிதிவண்டிக்காரரின் டயரில் முள்ளாக வந்து தைக்கிறது. இதில் யாரைக் குறைசொல்வது என்று தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

பாதையின் பக்கம் நின்று பேசும் மரபுகளில் இஸ்லாம் மிகத் தெளிவானது. இறைநம்பிக்கைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு, அவற்றில் உயர்ந்தது இறைவன் ஒருவனே என்று சான்று பகர்வது, தாழ்ந்தது பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்று ‘முஸ்லிம்’ தொகுப்பிலுள்ள நபிமொழி கூறுகிறது. வழியில் கிடந்த முட்கிளை ஒன்றை அப்புறப்படுத்தியதற்காக ஒருவரை இறைவன் மன்னித்ததாக வேறொரு நபிமொழி சொல்கிறது. இறைநம்பிக்கை என்னும் மரத்தில் கீழ்க்கிளை என்றாலும் அது மரத்தின் பகுதி. தன் காலுக்குச் செருப்பு இருப்பது அந்தக் கடமையிலிருந்து விலக்களிப்பதாக எங்கும் சொல்லப்படவில்லை.

இந்த இரு போதனைகளும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தோன்றினும், அவை விடைதரும் கேள்விகள் வேறு. சாந்திதேவரின் வாதம் முழுவதும் எண்ணிக்கையின் மேல் நிற்கிறது: புறத்தே உள்ளவை அளவற்றவை, ஆகவே அவற்றை அடக்கி முடித்த பின்தான் அமைதி என்று காத்திருப்பது அறிவுடைமை அன்று. நபிமொழியில் வரும் மனிதரின் முன்னால் இருந்ததோ ஒரே ஒரு கிளை. பூமி முழுவதையும் மூட முடியாது என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து, கண்முன் கிடக்கும் ஒன்றை எடுக்கத் தேவையில்லை என்ற முடிவு வராது. டயரின் உட்புறத்தைத் துடைத்து முள்ளைக் கண்டெடுத்தவரின் விரல்களுக்கு இடையே இருப்பது எண்ணற்றது அல்ல, எண்ணிக்கையில் ஒன்று. அதை அவர் மறுபடி சாலையிலேயே எறிந்துவிட்டுப் போனால், போதிசர்யாவதாரத்தின் ஐந்தாம் அதிகாரத்தைச் சான்றுக்கு அழைக்க முடியாது.